கால் கழுவும் கல்

மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்கு எந்த வாரம் போவது என்பதைத் தீர்மானித்தது மண்ணுக்கு அடியில் இருக்கும் ஒரு புதைகுகை. ஹால் சஃப்லியேனி ஹைபோஜியம் என்று அதற்குப் பெயர். ஒரு நேரத்தில் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள், ஒரு நாளைக்கு மொத்தம் 80 பேர். மாதக்கணக்கில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். என் தங்கை அந்தத் தீவில் செவிலியராக வேலை பார்க்கிறாள். இரவுப் பணி முடிந்து வந்த ஒரு காலையில் கூப்பிட்டாள். "அக்கா, மார்ச் முதல் வாரத்துல மூணு டிக்கெட் கிடைச்சிருச்சு. அம்மாவைக் கூட்டிட்டு வந்துரு."

அம்மாவுக்கு எழுபது வயது. கல்லைப் பார்க்க அவள் கிளம்பவில்லை. சின்ன மகள் என்ன சாப்பிடுகிறாள், எந்த மாதிரி வீட்டில் இருக்கிறாள் என்று பார்க்கக் கிளம்பினாள். எனக்குத்தான் பல வருட ஆசை. மொத்தமே 316 சதுர கிலோமீட்டர் இருக்கும் அந்தக் குட்டித் தீவுக் கூட்டத்தில், உலோகம் என்ற ஒன்றையே பார்த்திராத மனிதர்கள், எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஆயிரம் வருடம் முன்பே கல்லால் கோயில் கட்டினார்கள் என்று கல்லூரி நாட்களில் படித்தது மனதை விட்டுப் போகவே இல்லை.

முதலில் அந்தக் கோயில்களின் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத்தைப் பார்த்துப் படித்தால் எதுவும் சரியாக வராது. மால்டா மொழி அரபியின் உறவு, ஆனால் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். கோசோ தீவில் இருப்பது ஜிகந்தீயா. பெரிய தீவின் தென் கரையில் இருப்பவை ஹஜர் இம், இம்னைத்ரா. தலைநகர் வலெட்டாவுக்குப் பக்கத்தில் தார்ஷீன். ஹஜர் என்றால் கல். மெக்காவில் இருக்கும் ஹஜருல் அஸ்வத்தில் வருகிறதே, அதே ஹஜர்தான். இந்தப் பெயர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் வைத்தவை. கட்டியவர்கள் தங்கள் கோயிலை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. அவர்களிடம் எழுத்தே இல்லை.

கோசோவுக்குத்தான் முதலில் போனோம். பெரிய தீவின் வட முனையில் கப்பல் ஏறினால் 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள்; திரும்பி வரும்போதுதான் காசு. "திரும்பி வரலைன்னா என்ன பண்ணுவாங்களாம்?" என்றாள் அம்மா. கடலில் நல்ல காற்று. சால்வையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மேல்தளத்திலேயே நின்றாள். மார்ச் மாதத்தில் கோசோ பச்சையாக இருந்தது. கல்லடுக்குச் சுவர் வைத்த சின்னச் சின்ன வயல்கள், வரப்பு முழுக்க மஞ்சள் பூ, நடுநடுவே சப்பாத்திக்கள்ளி. அம்மா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நம்ம பக்கம் மாதிரிதான் இருக்கு" என்றாள். தருமபுரிக்காரிக்குக் கல்லும் கள்ளியும் இருக்கும் இடமெல்லாம் நம்ம பக்கம்தான்.

ஷாரா என்ற ஊரின் விளிம்பில் இருக்கிறது ஜிகந்தீயா. ஒட்டியபடி கட்டிய இரண்டு கோயில்கள், இரண்டையும் சேர்த்து வளைக்கும் ஒரே வெளிச்சுவர். கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கியது. சுவர் இன்றும் ஆறு மீட்டருக்கு மேல் நிற்கிறது. சில கற்கள் ஐந்து மீட்டருக்கும் அதிக நீளம், ஐம்பது டன்னுக்கும் அதிக எடை. இந்த எண்களெல்லாம் தெரிந்தேதான் போனேன். ஆனாலும் பாதை திரும்பி அந்தச் சுவர் கண்ணில் பட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. ஒரு கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், மறுபடி நீளவாக்கில் என்று மாற்றி மாற்றி நிறுத்தியிருக்கிறார்கள். குறுக்குக் கல் சுவருக்குள் பல்லைப்போலப் பதிந்துகொள்ளும். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் மண்ணும் சல்லியும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். ஐயாயிரத்து ஐந்நூறு வருடம் நிற்க வைத்தது அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

பார்வையாளர்களுக்கென்று தரைக்கு மேலே நடைமேடை போட்டிருக்கிறார்கள். தெற்குக் கோயிலின் வாசலில் ஒரு பெரிய கல். அதன் மேல் பக்கத்தில் குடைந்தெடுத்த ஒரு குழி. நான் கையில் இருந்த விளக்கக் குறிப்பைப் பிரிப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"கால் கழுவுற இடம்."

குறிப்பைப் படித்தேன். உள்ளே நுழைவதற்கு முன் தூய்மை செய்துகொள்ள இந்தக் குழியில் தண்ணீர் வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம் என்று இருந்தது. அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. "வேற எதுக்கு வாசல்ல வைப்பாங்க?" என்றாள்.

அதற்கு அடுத்து அவள் செய்ததைத்தான் எழுத நினைத்து இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். நடைமேடை வாசலைக் கடக்கும் இடம் வந்தது. எங்களுக்கு முன்னால் போன நாலைந்து பேர் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். அம்மா நின்றாள். கீழே இருந்த நிலைப்படியைக் குனிந்து பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தித் தூக்கி, படிக்கு நேர் மேலே இருந்த பலகையை மிதிக்காமல் ஒரே எட்டில் தாண்டி உள்ளே போனாள். நிலைப்படியை மிதிக்கக் கூடாது. வீட்டிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். பலகைக்கு அரை ஆள் ஆழத்தில் கிடக்கும் படிக்கும் அதே மரியாதை.

உள்ளே இடமும் வலமுமாக அரைவட்ட அறைகள், நேர் எதிரே இன்னொன்று. மேலிருந்து பார்த்தால் மூன்று இலை சேர்ந்த கொத்து மாதிரி இருக்கும்; தெற்குக் கோயிலில் அப்படி ஐந்து அறைகள். மூலையே கிடையாது. எல்லாச் சுவரும் வளைந்து வந்து நம்மைச் சூழ்ந்துகொள்ளும். பலிபீடம்போல இரண்டு கல் மேல் ஒரு கல் வைத்த மேடைகள். தரையில் ஓரிடத்தில் நெருப்பில் வெந்து சிவந்த கல்வட்டம். வெளிச்சுவர் முழுக்கக் கெட்டியான சாம்பல் நிறப் பவளச் சுண்ணாம்புக்கல். உள்ளே வாசல் நிலைகளுக்கும் மேடைகளுக்கும் தேன் நிறத்து மென்மையான குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல். கெட்டிக்கல் பக்கத்திலேயே கிடைத்தது. மென்கல்லை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கையில் கல் கருவியும் கொம்பும் எலும்பும் மட்டுமே இருந்தவர்கள், எது மழைக்கு நிற்கும், எது செதுக்க வசப்படும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். சில கற்களில் 19ஆம் நூற்றாண்டில் வந்த பயணிகள் தங்கள் பெயரை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1827இல் மண்ணை அள்ளி இடத்தை வெளியே கொண்டுவந்த பிறகு வந்த கூட்டம் அது. அழகான கையெழுத்துதான், ஆனாலும் பார்க்க மனசு வலித்தது.

ஜிகந்தீயா என்றால் அரக்கர் சம்பந்தப்பட்டது என்று பொருள். சான்சுனா என்ற அரக்கி கட்டியதாகக் கோசோ மக்கள் கதை சொல்வார்கள். அவள் சாப்பிட்டது அவரையும் தேனும் மட்டும்தானாம். சாதாரண மனிதன் ஒருவனுக்குக் குழந்தை பெற்று, அதைத் தோளில் சுமந்துகொண்டே இந்தக் கற்களைத் தூக்கி வந்து அடுக்கினாளாம். அம்மாவுக்குக் கதை பிடித்துவிட்டது. "எங்க ஊர் மலை மேல இருக்கறதைப் பாண்டவர் வீடும்பாங்க. யாரால தூக்க முடியும்னு நெனச்சாலே சாமியோ ராட்சசியோ வந்துடறாங்க" என்றாள். அவள் சொன்னது எங்கள் பக்கத்துக் கல்திட்டைகளை. அவை ஈமச்சின்னங்கள், காலமும் மிகப் பிந்தியது, இந்தக் கோயில்களோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் கதை பிறக்கிற விதம் பற்றி அம்மா சொன்னது சரிதான்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கைக்குழந்தை. எத்தனை அம்மாக்கள் அந்த வேலையின் நடுவே நின்றிருப்பார்கள். கல்லை இழுத்தவர்களுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், கயிறு திரிக்க ஆள் வேண்டும். ஊர்ச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் மதியம் பிகில்லா என்று ஒன்று கொடுத்தார்கள். மொச்சை போன்ற ஒரு காய்ந்த அவரையை வேகவைத்துப் பூண்டு சேர்த்து மசித்தது. அம்மா ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய் ஒரு பத்தை வச்சு அரைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். சான்சுனாவின் சாப்பாடு அதுதான் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

கப்பலில் திரும்பும்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எழுத்து இல்லைங்கறே. சாமி பேரு தெரியலைங்கறே. அப்புறம் கோயில்னு எப்படிடி சொல்றாங்க?"

இதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஆய்வாளர்களே இதில் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள். சிலர் கோயில் என்ற சொல்லைப் பழக்கத்துக்காக மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஊர் கூடிச் சாப்பிட்ட இடமாகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த அளவில் அம்மாவுக்குப் பதில் சொன்னேன். அடுத்த நாள் தார்ஷீனில் பாதிப் பதில் அவளுக்கே கிடைத்தது.

தார்ஷீன் இன்று வீடுகளுக்கு நடுவே அகப்பட்டுக் கிடக்கிறது. சுற்றிலும் மாடிவீடு, துணி காயும் பால்கனி, தள்ளி ஒரு பேக்கரி வாசனை. 1914இல் உழவர்கள் உழும்போது ஏர் அடிக்கடி பெரிய கல்லில் இடித்ததைச் சொல்ல, மறுவருடத்திலிருந்து 1919 வரை தோண்டி எடுத்தவர் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட். அவர் ஒரு மருத்துவர். இங்கே தங்கை குறுக்கே வந்துவிட்டாள். "அக்கா, இவரை எனக்குத் தெரியும். மால்டா காய்ச்சல்!" நர்சிங் படிப்பில் புருசெல்லா என்ற கிருமி வருகிறதாம். அதன் முழுப் பெயரில் இருக்கும் மெலிடென்சிஸ் என்ற சொல்லே மால்டாவின் ரோமானியப் பெயரான மெலிடாவிலிருந்து வந்தது. 1887இல் டேவிட் புரூஸ் இந்தத் தீவில் கிருமியைக் கண்டுபிடித்தார். அது ஆட்டுப்பால் வழியாகத்தான் மனிதர்களுக்கு வருகிறது என்பதற்கு 1905இல் வழிகாட்டியவர் சாமிட். வெள்ளாட்டு ரத்தத்தைச் சோதித்த அதே கை, பத்து வருடம் கழித்து மண்ணைப் படலம் படலமாக நீக்கி, எந்தப் படலத்தில் என்ன கிடைத்தது என்று எழுதி வைத்தது. அந்தக் காலத்தில் அப்படிப் பொறுமையாகத் தோண்டியவர்கள் குறைவு. தங்கை அவர் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

தார்ஷீனில் ஒரு சிலை. இடுப்புக்கு மேல் எதுவும் இல்லை, மேல்பாதி போய்விட்டது. இருந்தவரை ஆள் உயரத்தைத் தாண்டி நின்றிருக்கும். இப்போது அங்கே இருப்பது பிரதி, அசல் அருங்காட்சியகத்தில். பருத்த கெண்டைக்கால், கீழே அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னப் பாதங்கள், மேலே மடிப்பு மடிப்பாக ஒரு பாவாடை.

"கொசுவம் வச்சிருக்காங்க பாரு" என்றாள் அம்மா.

கொசுவமேதான். வரிசையாக, ஒரே அகலத்தில், விரலால் நீவிவிட்ட மாதிரி. இந்த உருவங்களைக் குண்டுப் பெண்மணிகள் என்றும் தாய்த்தெய்வம் என்றும் நெடுங்காலம் எழுதினார்கள். இன்று அப்படி உறுதியாகச் சொல்வதில்லை. பெரும்பாலான உருவங்களில் ஆணா பெண்ணா என்பதற்கு அடையாளமே இல்லை. ஆனால் யாரோ ஒருவர் உடுத்திய துணியின் மடிப்பைக் கவனமாகப் பார்த்துக் கல்லில் வைத்திருக்கிறார். அது மட்டும் உறுதி.

அதற்குப் பக்கத்திலேயே சுருள் சுருளாகக் கோலம் வெட்டிய ஒரு பலிபீடம். அதன் முகப்பில் ஒரு சிறு கல், பிறை வடிவத்தில், மூடி போலச் செருகியிருக்கிறது. தோண்டியபோது அதை எடுத்துப் பார்த்தால் உள்ளே பொந்து. பொந்துக்குள் ஒரு சிக்கிமுக்கிக்கல் கத்தியும் விலங்கெலும்புகளும். சுவரில் வேறொரு இடத்தில் ஆடுகள் வரிசையாகப் போகின்றன. இன்னொரு அறையில் காளைகளும், குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் ஒரு பன்றியும். அம்மா மூடியையும் பொந்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "கெடா வெட்டி, கத்தியைக் கழுவி உள்ள வச்சு மூடிட்டாங்க. அடுத்த வருசத்துக்கு" என்றாள். கோயிலா என்று அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

அந்தச் சுருள் கோலங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. 1960கள் வரை அறிஞர்கள் பலர் இவற்றைக் கிரேக்கப் பக்கத்திலிருந்து, கிரீட்டிலிருந்தும் மைசீனியிலிருந்தும் வந்த பாணி என்றே எழுதினார்கள். சின்னத் தீவில் ஆடு மேய்த்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றும், கிழக்கிலிருந்து நாகரிகக்காரர் யாராவது வந்து காட்டியிருப்பார்கள் என்ற நினைப்பு. பிறகு பழம்பொருளின் காலத்தைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறை வந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டு அந்தக் கணக்கைத் திருத்தியபோது, மால்டா கோயில்களின் காலம் கிரீட்டின் அரண்மனைகளுக்கெல்லாம் ஆயிரம் வருடத்துக்கும் மேல் முன்னால் போய் நின்றது. பார்த்து வரைய அப்போது எதுவும் இல்லை. அந்தச் சுருள் இங்கே, இந்த மண்ணில், இவர்களுக்கே தோன்றியது. சிலர் இப்போது மறுகோடிக்குப் போய் உலகிலேயே பழமையான கட்டடம் என்று சுற்றுலாத் தாள்களில் போடுகிறார்கள். துருக்கியின் கோபெக்லி தெபே இதைவிட ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. அதனால் இவர்கள் செய்த வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

தார்ஷீனிலிருந்து நடந்தே போய்விடலாம் ஹைபோஜியத்துக்கு. தெருவில் சாதாரண வீட்டு வாசல் மாதிரிதான் இருக்கிறது. 1902இல் வீடு கட்டத் தண்ணீர்த்தொட்டி வெட்டியவர்கள் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். முதலில் அகழ்ந்தவர் மானுவேல் மாக்ரி என்ற பாதிரியார். அறிக்கை வெளியிடும் முன்பே 1907இல் துனிசியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளும் காணாமல் போயின. எலும்புகள் எந்த அறையில் எப்படிக் கிடந்தன என்பதில் பெரும் பகுதி அதோடு போயிற்று. சாமிட்தான் மிச்சத்தை எடுத்துச் செய்தார். ஏறக்குறைய 7,000 பேரின் எலும்புகள் இங்கே இருந்திருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு.

பை, போன் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். படம் எடுக்கக் கூடாது. மூச்சுக்காற்றின் ஈரமே ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்பதால்தான் ஆள் கணக்கு. இருட்டு. நாம் நிற்கும் இடத்துக்கு மட்டும் விளக்கு மெல்ல எரிந்து, நகர்ந்ததும் அணைகிறது. பூமிக்குள் மூன்று அடுக்கு, முழுவதும் பாறையைக் குடைந்தது. மேலே கட்டிய கோயில் எப்படி இருந்ததோ அப்படியே கீழே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். தூண் எதையும் தாங்கவில்லை, ஆனாலும் தூண். விட்டம் எதன் மேலும் வைக்கப்படவில்லை, ஆனாலும் விட்டம். கூரை வளையம் வளையமாக உள்வாங்கி மூடுகிறது. மேலே உள்ள கோயில்களின் கூரை எல்லாம் விழுந்துவிட்டதால், அவை எப்படி மூடியிருந்தன என்று ஊகிக்க இந்த அறையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் புனிதங்களின் புனிதம். அம்மா என் காதில், "மூலஸ்தானம்" என்றாள்.

இன்னொரு அறையின் கூரையில் செங்காவியில் சுருள்கள், கொடி மாதிரி படர்ந்து போகின்றன. விளக்கு அந்த இடத்தில் எரிந்தது கொஞ்ச நேரம்தான். அதற்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். கையில் அகல்விளக்கு மாதிரி ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்க வரைந்த கோடு. தூரிகை எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது.

ஹஜர் இம்முக்குத் தங்கை வேலைக்குப் போன நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வலெட்டாவிலிருந்து 74ஆம் எண் பஸ். ஓட்டுநர் கேரளத்துக்காரர், அம்மாவின் புடவையைப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லி, கோயில் வாசலிலேயே இறக்கிவிட்டார். மேட்டின் மேல் ஹஜர் இம், அதிலிருந்து கடலை நோக்கி அரை கிலோமீட்டர் இறங்கினால் இம்னைத்ரா. இரண்டுக்கும் மேலே 2009இல் பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டுவிட்டார்கள். வானம் தெரியவில்லையே என்று முதலில் எனக்கு வருத்தம்தான். கல்லைக் கிட்டத்தில் பார்த்தபோது வருத்தம் போய்விட்டது. ஹஜர் இம் முழுவதும் மென்கல். உப்புக்காற்றும் மழையும் தின்று, சில கற்கள் தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கின்றன.

உள்ளே ஒரு நிலைக்கல்லின் முகம் முழுக்கப் புள்ளிகள். நெருக்கமாக, ஒரே ஆழத்தில், இடைவெளி தப்பாமல். கூரான கல்லையோ கொம்பையோ வைத்து ஒவ்வொன்றாகக் குடைந்தவை. இதன் பெயர் குழிப்புள்ளி அலங்காரம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மி கொத்துன மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

அம்மி கொத்துகிறவர் வந்தால் அந்தக் காலத்தில் தெருவே கூடும். உளியை மெல்லத் தட்டித் தட்டி, வரிசை பிசகாமல் புள்ளி போட்டுக்கொண்டே போவார். கடைசியில் நடுவில் ஒரு பூ. அம்மா கைப்பிடியில் சாய்ந்து அந்தப் புள்ளிகளை மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க கை மாறிருச்சு" என்றாள். நானும் பார்த்தேன். அந்த இடத்துக்குக் கீழே புள்ளிகள் சற்றுப் பெரியவை, ஓரம் கொஞ்சம் கரடுமுரடு. இன்னொருவர் உட்கார்ந்திருக்கலாம், கருவி மழுங்கியிருக்கலாம், பொழுது சாய்ந்திருக்கலாம். ஐம்பது டன் கல்லைப் பார்த்தபோது வராத ஒன்று அந்த இடத்தில் எனக்குத் தொண்டையில் வந்து அடைத்தது.

அதற்குப் பிறகு நான் கதவுகளைத் தேட ஆரம்பித்தேன். வாசல்களின் இரண்டு பக்க நிலைக்கற்களிலும் எதிரெதிரே குழிகள் இருக்கின்றன. குறுக்குக்கட்டை போட்டு மூடுவதற்கு. மூலையில் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க விட்ட கயிற்றுத் துளைகள். இம்னைத்ராவில் சில வாசல்கள் ஒரே பலகைக்கல்லின் நடுவில் ஜன்னல்போல வெட்டியவை. குனியாமல் நுழைய முடியாது. வெளியே விரிந்த முற்றம், ஊரே நிற்கலாம். உள்ளே போகப் போக இடம் குறுகுகிறது, வெளிச்சம் குறைகிறது. எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. யார் உள்ளே போனார்கள், யார் முற்றத்தோடு நின்றார்கள்? கொடிமரத்தைத் தாண்டி விடப்படாதவர்களின் கதை நமக்குத் தெரியும் என்பதால், அந்தக் குழிகளை வெறும் தச்சுவேலையாக என்னால் பார்க்க முடியவில்லை. அழகான வாசல்தான். மூடவும் தெரிந்த வாசல்.

இம்னைத்ராவின் கீழ்க்கோயில் கிழக்கு பார்த்தது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் உதிக்கும் சூரியனின் ஒளி வாசல் வழியாக நேர்கோட்டில் கடைசி மேடைவரை போகும். ஜூன், டிசம்பர் மாதங்களில் சூரியன் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் நாட்களில், அதே ஒளி உள்வாசலின் இருபுறமும் உள்ள கற்களில் ஏதாவது ஒன்றின் விளிம்பில் விழும். விதைக்கிற காலத்தை அவர்கள் கல்லில் குறித்து வைத்திருக்கலாம். நாங்கள் போனது மார்ச்சின் அந்தச் சம நாளுக்கு இரண்டு வாரம் முன்னால்; தவிர, வழக்கமாகக் காலை வெயில் ஏறிய பிறகுதான் கதவைத் திறக்கிறார்கள். அம்மா வாசலுக்கு நேராக நின்று, கிழக்கே கையை நீட்டி, கொஞ்சம் தெற்கே நகர்த்தி, "இப்ப இங்க உதிச்சிருக்கும். பங்குனி பொறந்தா நேரா வந்துரும்" என்றாள். கணக்குப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நடுக்கோயிலில் ஒரு நிலைக்கல்லில் சின்னதாக ஒரு கோயிலின் முகப்பைக் கீறி வைத்திருக்கிறார்கள். வாசல், அதன் மேல் படுத்த கல் வரிசைகள். கட்டியவர்களே தங்கள் கட்டடத்தை வரைந்த படம் அது. இம்னைத்ராவின் பீடம்தான் மால்டாவின் 1, 2, 5 சென்ட் நாணயங்களில் இருக்கிறது. ஐந்து சென்ட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

2001 ஏப்ரலில், புனித வெள்ளி இரவில், யாரோ உள்ளே புகுந்து இங்கே அறுபது கற்கள்வரை பெயர்த்துத் தள்ளினார்கள். மால்டா மக்கள் கொதித்துப்போனார்கள். பழைய படங்களை வைத்து ஒவ்வொரு துண்டையும் பொருத்தி மறுபடி நிறுத்திவிட்டார்கள். உடைந்து ஒட்டிய கோடுகள் சில கற்களில் தெரிகின்றன. நான் அவற்றைத் தேடித் தேடிப் பார்த்தேன். கட்டியவர்களுக்கு அடுத்தபடி, ஒட்டியவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

வெளியே வந்து கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். எதிரே ஃபில்ஃப்லா என்ற குட்டித் தீவு, ஒரே ஒரு பாறை. பிரிட்டிஷ் படைகள் 1971 வரை அதைக் குண்டு போட்டுப் பழகப் பயன்படுத்தின. இன்று பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் விட்டுவிட்டார்கள். கோயில்காரர்கள் பார்த்த அதே பாறை, இப்போது கொஞ்சம் சிறுத்து. கி.மு. 2350 வாக்கில் அவர்களுடைய காலம் முடிந்துவிட்டது. வறட்சி, மண் அரித்துப்போனது, விளைச்சல் சுருங்கியது என்று காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வந்தவர்களிடம் வெண்கலம் இருந்தது. தார்ஷீனின் இடிபாட்டின் மேலேயே தங்கள் பிணங்களை எரித்துச் சாம்பலைப் புதைத்தார்கள். அவர்கள் இந்த மாதிரிக் கோயில் எதையும் கட்டவில்லை.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், வலெட்டாவில் தொல்லியல் அருங்காட்சியகம். தார்ஷீனின் அசல் கொசுவத்தைப் பார்த்தோம். உள்ளே, இருட்டாக்கிய ஒரு சிறு அறையில், கண்ணாடிக்குள் தனியாக ஓர் உருவம். ஹைபோஜியத்தில் கிடைத்த சுடுமண் பொம்மை, பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். உறங்கும் பெண் என்று பெயர். கட்டிலில் ஒருக்களித்து, தலையணையில் தலை சாய்த்துப் படுத்திருக்கிறாள். கனத்த இடுப்பு, கனத்த கை. அவள் எடையில் கட்டில் நடுவில் தொய்ந்திருக்கிறது. கட்டிலின் அடிப்பக்கத்தில் கயிறோ நாரோ பின்னியதுபோலக் கோடுகூட இருக்கிறது. அது தூக்கமா சாவா என்று நூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றாள். தங்கையும் நானும் மற்ற அறைகளைச் சுற்றிவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"எங்கம்மா இப்படித்தான் படுப்பா. மத்தியானம் வேலையெல்லாம் முடிச்சிட்டு, திண்ணையில. அரை மணி நேரம். எழுப்பினா கோபம் வரும்."

மூடும் நேரம் ஆகிவிட்டது என்று காவலர் வந்து சொன்னார். தங்கை அம்மாவின் தோளைத் தொட்டாள். சரி என்று அம்மா தலையாட்டினாள். பிறகு, திரும்பாமல், கண்ணாடிக்கு முதுகு காட்டாமல், சன்னதியிலிருந்து வருவதுபோல இரண்டு மூன்று எட்டுப் பின்னால் வைத்து, அறை வாசலை அடைந்து, காலால் தடவி நிலைப்படி இருக்கிறதா என்று பார்த்தாள்.